ரெண்டு இலையும் ஒரு மொட்டும்: வீட்டோடு படிப்போம் ஆங்கிலம்



புதுசாக மலைக்கு வந்து கூடை கட்டும் ஒருத்திக்கு நாம் முதலில் என்ன சொல்லித் தருவோம்? "ரெண்டு எலையும் ஒரு மொட்டும் பாத்துக் கிள்ளு" என்றுதானே? இதையே ஆங்கிலத்தில் ‘டூ லீவ்ஸ் அன்ட் எ பட்’ என்பார்கள். மொத்தம் ஐந்தே சொல். இன்று நாம் படிக்கப்போகும் பாடத்தில் பாதி இந்த ஐந்து சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். வாசிக்கும்போது, ஆங்கிலம் படிக்கும் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நீங்கள் வாசிக்க வாசிக்க, பிள்ளை அவற்றை ஆங்கில எழுத்தில் கொப்பியில் எழுதட்டும். பிள்ளைக்கு எழுத்துப் பழக்கம், உங்களுக்குக் காதுப் பழக்கம்.

முதலில் ஒரு கடிதத்தின் கதையைச் சொல்லுகிறோம்.

மூன்று பேர் போன கதை

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். சாதாரண தரம் எழுதி முடித்த மகளுக்கு டவுனில் ஒரு பயிற்சி வகுப்பில் இடம் கிடைத்தது. ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. அதில் ரெண்டு வரிதான் முக்கியம். ‘ஈதர் பேரன்ட் மஸ்ட் கம். பிரிங் டூ போட்டோகிராஃப்ஸ்.’

மகளுக்குப் ‘பேரன்ட்’ என்ற சொல் தெரியும். ‘பெற்றோர்’ என்று அகராதியில் பார்த்திருக்கிறாள். "அம்மாவும் அப்பாவும் வரணுமாம், போட்டோவும் கொண்டு வரணுமாம்" என்று சொன்னாள். ரெண்டு பேரும் அன்று வேலைக்குப் போகவில்லை. நல்ல உடுப்பு உடுத்தி, ஒரு போட்டோவை உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

அங்கே இருந்தவர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "ஒரு ஆள் வந்தாப் போதுமே அண்ணே, ஏன் ரெண்டு பேரும் வேலையை விட்டுட்டு வந்தீங்க? சரி, மத்தப் போட்டோ எங்க?" என்று கேட்டார். மற்றப் போட்டோ இல்லை. திரும்பி வந்து, அடுத்த நாள் அம்மா மட்டும் போய் வேலையை முடித்தார்.

கணக்குப் பாருங்கள். முதல் நாள் ரெண்டு பேர், அடுத்த நாள் ஒரு பேர். செக்றோலில் மூன்று பேர் விழாமல் போனது. கடிதத்தின்படி ஒரு பேர் போயிருந்தால் போதும்.

இதில் அந்த மகளின் குற்றம் ஒன்றுமில்லை. பெரிய சொற்களை எல்லாம் அவள் சரியாகத்தான் வாசித்தாள். ‘பேரன்ட்’, ‘போட்டோகிராஃப்’, ‘பிரிங்’ எல்லாம் தெரியும். தவறியது முன்னால் நின்ற ‘ஈதர்’ என்ற சின்னச் சொல்லும், பின்னால் ஒட்டியிருந்த ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்தும்தான். நம் தமிழும் கொஞ்சம் ஏமாற்றிவிட்டது. ‘பெற்றோர்’ என்றால் தமிழில் தாயும் தகப்பனும் சேர்ந்து ரெண்டு பேர். ஆங்கிலத்தில் ‘பேரன்ட்’ என்றால் ஒருவர்தான். ‘பேரன்ட்ஸ்’ என்றால்தான் ரெண்டு பேர்.

ஆகவே இன்றைய பாடம் இதுதான்: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் சின்னச் சொல்லையும், பின்னால் வரும் ‘எஸ்’ஸையும் பார்க்கப் பழகுவது.

1. எண்ண முடியுமா?

முதலில் ஒரு கேள்வி. ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண்ண முடிகிற பொருளா? கூடை, கத்தி, குடை, பிள்ளை, இலை, கடிதம், இவற்றை எண்ணலாம். தண்ணீர், சோறு, சீனி, இவற்றை அப்படி எண்ண முடியாது. அளக்கலாம், நிறுக்கலாம். இன்று நாம் பேசுவது எண்ணக்கூடிய பெயர்களைப் பற்றி மட்டும்.

2. ஒருமைச் சொல் தனியாக வெளியே வராது

தமிழில் "என்கிட்ட கூடை இருக்கு" என்றால் சரி. ஒரு குறையும் இல்லை. அதை அப்படியே ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் பாஸ்கட்’ என்றால் பிழை. ‘ஐ ஹேவ் எ பாஸ்கட்’ என்று சொல்ல வேண்டும்.

சின்னப் பிள்ளையை ரோட்டில் தனியாக விடுவோமா? யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். ஆங்கிலத்தில் ஒருமைச் சொல்லும் அப்படித்தான். ‘பாஸ்கட்’ என்ற சொல்லை வாக்கியத்தில் தனியாக விடக்கூடாது. கையைப் பிடிக்க முன்னால் ஒரு சொல் வேண்டும்.

எ பாஸ்கட் – ஒரு கூடை
த பாஸ்கட் – அந்தக் குறித்த கூடை
மை பாஸ்கட் – என் கூடை
திஸ் பாஸ்கட் – இந்தக் கூடை
தட் பாஸ்கட் – அந்தக் கூடை
அநதர் பாஸ்கட் – இன்னொரு கூடை

கையைப் பிடிக்க ஒருவர் போதும். ‘எ’, ‘த’, ‘மை’, ‘திஸ்’ இவற்றில் ரெண்டைச் சேர்த்துப் போடக்கூடாது. ‘எ மை பாஸ்கட்’ என்பது பிழை. ‘மை பாஸ்கட்’ என்பது சரி.

தொழிலைச் சொல்லும்போது நம்மவர்கள் அதிகம் தவறும் இடம் ஒன்று உண்டு. "அவ நர்ஸ்" என்று தமிழில் சொல்வதுபோல் ‘ஷீ இஸ் நர்ஸ்’ என்று எழுதிவிடுகிறோம். ‘ஷீ இஸ் எ நர்ஸ்’ என்றே எழுத வேண்டும். ‘ஐ ஆம் எ டிரைவர்’, ‘மை சன் இஸ் எ டீச்சர்’ என்பவையும் இப்படித்தான். வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

சில பழகிய பேச்சுகள் மட்டும் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கும். ‘கோ டு ஸ்கூல்’ (பள்ளிக்கூடம் போ), ‘பை பஸ்’ (பஸ்ஸில்), ‘அட் ஹோம்’ (வீட்டில்). இவற்றை அப்படியே மனப்பாடம் செய்தால் போதும்.

சிங்களம் பேசத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கடையில் "பாண் கெடியக் தென்ன" என்று கேட்கிறோம் அல்லவா? ‘கெடியக்’ என்பதில் கடைசியில் வரும் ‘அக்’தான் ‘ஒன்று’ என்று சொல்கிறது. சிங்களத்தில் அது சொல்லின் வாலில் ஒட்டும். ஆங்கிலத்தில் அதே வேலையை ‘எ’ என்ற சொல் முன்னால் நின்று செய்கிறது.

3. ‘எ’யா, ‘ஆன்’னா?

தமிழ் வாத்தியார் நமக்குச் சொல்லித் தந்தது ஞாபகம் இருக்கிறதா? ‘ஒரு மலை’, ‘ஓர் ஆறு’. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ‘ஓர்’ வரும். ஆங்கிலத்திலும் இதே மாதிரிதான். உயிர் ஒலிக்கு முன்னால் ‘ஆன்’, மற்றவற்றுக்கு முன்னால் ‘எ’.

எ பாஸ்கட், எ நைஃப், எ லெட்டர்
ஆன் எஸ்டேட், ஆன் எக், ஆன் அம்ப்ரெல்லா

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, ஒலியை. ‘அவர்’ (மணித்தியாலம்) என்ற சொல் ‘எச்’ எழுத்தில் தொடங்கினாலும் அந்த ‘எச்’ ஒலிப்பதில்லை. அதனால் ‘ஆன் அவர்’. ‘யூனிஃபோர்ம்’ என்ற சொல் ‘யு’ எழுத்தில் தொடங்கினாலும் வாயில் வருவது ‘யூ’ என்ற ஒலி. அது உயிர் ஒலி அல்ல. அதனால் ‘எ யூனிஃபோர்ம்’. சொல்லிப் பாருங்கள், காதே சொல்லித் தரும்.

4. ‘எ’ எப்போது ‘த’ ஆகும்?

பாட்டி கதை சொல்வதைக் கேளுங்கள். "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அந்த ராஜாவுக்கு ஒரு மகளாம். அந்த மக என்ன செஞ்சா தெரியுமா?" முதல் தடவை ‘ஒரு’ ராஜா. அடுத்த தடவை ‘அந்த’ ராஜா. யாரென்று கேட்பவருக்குத் தெரிந்துவிட்டது அல்லவா?

ஆங்கிலமும் இதையே செய்கிறது. முதல் தடவை ‘எ’. யாரென்று, எதுவென்று தெரிந்த பிறகு ‘த’.

‘ஜேம்ஸ் டெய்லர் வாஸ் எ ஸ்கொட்ஸ்மன். த ஸ்கொட்ஸ்மன் பிளான்டட் டீ ஒன் நைன்டீன் ஏக்கர்ஸ்.’

ஜேம்ஸ் டெய்லர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். அவர்தான் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டவர். முதல் வாக்கியத்தில் ‘எ’, ரெண்டாவதில் ‘த’. ‘நைன்டீன் ஏக்கர்ஸ்’ என்பதில் ‘எஸ்’ வந்திருக்கிறது. ‘டீ’க்கு முன்னால் ஒன்றுமே வரவில்லை, ஏனென்றால் தேயிலையை ஒன்று ரெண்டு என்று எண்ணுவதில்லை.

‘த’வுக்கு ஒருமை, பன்மை என்ற பேதம் கிடையாது. ‘த பாஸ்கட்’ என்றும் சொல்லலாம், ‘த பாஸ்கட்ஸ்’ என்றும் சொல்லலாம்.

5. ஒன்றுக்கு மேல் போனால்

தமிழில் "ரெண்டு கூடை", "மூணு பிள்ளை" என்கிறோம். ‘கூடைகள்’ என்று யாரும் பேசுவதில்லை. ரெண்டு என்று சொன்ன பிறகு ‘கள்’ எதற்கு என்று விட்டுவிடுகிறோம். ஆங்கிலம் அப்படி விடாது. ‘டூ பாஸ்கட்’ பிழை, ‘டூ பாஸ்கட்ஸ்’ சரி. எண்ணைச் சொன்னாலும் ‘எஸ்’ஸும் வேண்டும்.

சில சொற்கள் ‘எஸ்’ மட்டும் சேர்த்தால் போதாது, உருவமும் மாறும்.

லீஃப் – லீவ்ஸ் (இலை, நாம் ஆபிஸில் கேட்கும் லீவு அல்ல!)
நைஃப் – நைவ்ஸ் (கத்தி)
சைல்ட் – சில்ட்ரன் (பிள்ளை)
மேன் – மென் (ஆண்)
வுமன் – விமன் (பெண்)
ஃபுட் – ஃபீட் (கால் பாதம்)

பன்மைச் சொல் வளர்ந்த பிள்ளை மாதிரி. பொதுவாகப் பேசும்போது தனியாகவும் நடக்கும். ‘சில்ட்ரன் லைக் ஸ்வீட்ஸ்’, பிள்ளைகளுக்கு இனிப்பு விருப்பம். முன்னால் ஒன்றும் இல்லை, பிழையும் இல்லை. ஆனால் பன்மையின் கையை ‘எ’ பிடிக்காது. ‘எ சில்ட்ரன்’, ‘எ லீவ்ஸ்’ என்று எழுதக்கூடாது.

இப்போது திரும்ப நம் கொழுந்துக்கு வாருங்கள். ‘டூ லீவ்ஸ் அன்ட் எ பட்’. ரெண்டு என்பதால் ‘லீவ்ஸ்’. மொட்டு ஒன்று என்பதால் ‘எ பட்’. எந்தச் சட்டம் மறந்தாலும் இதை நினைத்தால் ஞாபகம் வந்துவிடும்.

6. யார் யாரோடு சேருவார்?

ஒருமையோடு மட்டும் சேருபவை:
எ, ஆன், வன் (ஒரு)
திஸ் (இந்த), தட் (அந்த)
ஈச், எவ்ரி (ஒவ்வொரு)
அநதர் (இன்னொரு)
ஈதர் (ரெண்டில் எதாவது ஒன்று)

எண்ணக்கூடிய பெயர்களில், பன்மையோடு மட்டும் சேருபவை:
டூ, த்ரீ முதலான எண்கள்
தீஸ் (இந்த), தோஸ் (அந்த)
மெனி (பல), எ ஃபியூ (சில)
போத் (ரெண்டும்)

ரெண்டோடும் சேருபவை:
த, மை, யுவர், ஹிஸ், ஹேர், அவர் (எங்கள்), தெயர்

தமிழில் ‘இந்த இலை’, ‘இந்த இலைகள்’ என்று ‘இந்த’ மாறாமல் நிற்கும். ஆங்கிலத்தில் அது மாறும். ‘திஸ் லீஃப்’, ‘தீஸ் லீவ்ஸ்’. ‘தட் வுமன்’, ‘தோஸ் விமன்’.

‘எவ்ரி’யில் பலர் தடுக்கி விழுவார்கள். எல்லாப் பிள்ளைகளையும் பற்றிப் பேசுவதால் ‘எவ்ரி சில்ட்ரன்’ என்று எழுதத் தோன்றும். தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘ஒவ்வொரு பிள்ளையும்’ என்போம், ‘ஒவ்வொரு பிள்ளைகளும்’ என்பது தமிழிலும் பிழை. அதேபோல ‘எவ்ரி சைல்ட்’ என்பதே சரி.

7. கடிதத்திலும் மருந்துப் போத்தலிலும்

பரீட்சைக்குப் படிக்காத பெரியவர்களும் இந்தப் பகுதியை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொற்கள்தான் நம் ஒரு நாள் பேரையும், சில நேரம் நம் சுகத்தையும் தீர்மானிப்பவை.

ஈதர் பேரன்ட் – தாய் அல்லது தகப்பன், ஒருவர் போதும்.
போத் பேரன்ட்ஸ் – ரெண்டு பேரும் வரவேண்டும்.

ஆல் டொக்யுமென்ட்ஸ் – கேட்ட பத்திரம் எல்லாம்.
எனி வன் ஒஃப் தீஸ் டொக்யுமென்ட்ஸ் – இவற்றில் எதாவது ஒன்று.

இங்கே கவனம். ரெண்டு இடத்திலும் ‘டொக்யுமென்ட்ஸ்’ என்று ‘எஸ்’ஸோடுதான் இருக்கிறது. ‘எஸ்’ஸை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். முன்னால் ‘ஆல்’ இருந்தால் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை என்று கேட்ட எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். ‘எனி வன்’ இருந்தால் ஒன்று போதும்.

சைன் ஈச் பேஜ் – ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் மட்டும் போட்டால் படிவம் திரும்பி வரலாம்.

எ ஃபியூ சீட்ஸ் – சில இடங்கள் இருக்கின்றன.
ஃபியூ சீட்ஸ் – இடம் இல்லாத குறைதான், மிகச் சொற்பம்.

ஒரே ஒரு ‘எ’ எவ்வளவு வித்தியாசம் செய்கிறது பாருங்கள். ‘எ ஃபியூ’ என்றால் நம்பிக்கை இருக்கிறது. ‘எ’ இல்லாமல் ‘ஃபியூ’ என்றால் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இன்றைக்கே ஓட வேண்டும்.

இனி மருந்து.

வன் டெப்லட் த்ரீ டைம்ஸ் எ டே – ஒரு குளிசை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. இங்கே ‘எ டே’ என்றால் ‘ஒரு நாளைக்கு’.
டூ டெப்லட்ஸ் எவ்ரி டே – தினமும் ரெண்டு குளிசை.
வன் டெப்லட் எவ்ரி அதர் டே – ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு குளிசை.

‘எவ்ரி டே’ என்பதற்கும் ‘எவ்ரி அதர் டே’ என்பதற்கும் நடுவில் ‘அதர்’ என்ற ஒரு சொல்தான். அதைத் தாண்டி வாசித்தால் குடிக்க வேண்டியதைப்போல ரெண்டு மடங்கு குடித்துவிடுவோம். இங்கிலீஷ் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தாலும், சந்தேகம் வந்தால் மருந்து தந்தவரிடமே திரும்பிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

8. செய்து பாருங்கள்

விடையைக் கையால் மறைத்துக்கொண்டு, பிள்ளையும் நீங்களும் தனித்தனியே சொல்லிப் பாருங்கள்.

1. ‘ஐ ஹேவ் ___ அம்ப்ரெல்லா.’ இடைவெளியில் என்ன வரும்?
2. ‘எவ்ரி (சைல்ட் / சில்ட்ரன்) கோஸ் டு ஸ்கூல்.’ எது சரி?
3. ‘(திஸ் / தீஸ்) பாஸ்கட்ஸ் ஆர் ஃபுல்.’ எது சரி?
4. ‘மை சிஸ்டர் இஸ் டீச்சர்.’ பிழையைத் திருத்துங்கள்.
5. ‘பிரிங் டூ போட்டோகிராஃப்.’ பிழையைத் திருத்துங்கள்.
6. ‘போத் பேரன்ட்ஸ் மஸ்ட் கம்.’ எத்தனை பேர் போக வேண்டும்?
7. ‘பிரிங் எனி வன் ஒஃப் தீஸ் டொக்யுமென்ட்ஸ்.’ எத்தனை பத்திரம்?
8. ‘வன் டெப்லட் எவ்ரி அதர் டே.’ திங்கட்கிழமை குடித்தால் அடுத்தது எப்போது?

விடைகள்: 1. ஆன். 2. சைல்ட். 3. தீஸ். 4. மை சிஸ்டர் இஸ் எ டீச்சர். 5. பிரிங் டூ போட்டோகிராஃப்ஸ். 6. ரெண்டு பேர். 7. ஒன்று. 8. புதன்கிழமை.

ஆறு சரியென்றால் நல்லது. ஆறுக்குக் குறைந்தால் ரெண்டாம், ஆறாம் பகுதிகளை இன்னொரு தடவை வாசியுங்கள். ஆறாம், ஏழாம், எட்டாம் கேள்விகளில் தவறியவர்கள் ஏழாம் பகுதியைக் கொப்பியில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

முடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை

ஆங்கிலம் படிக்கச் சொல்கிறோம் என்பதற்காகத் தமிழை விடச் சொல்லவில்லை. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பில் செய்த 13ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரச கரும மொழி என்றது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அரச கந்தோருக்குத் தமிழில் எழுதவும், தமிழில் பதில் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. அதை நாம் கேட்டு வாங்க வேண்டும். ஆனாலும் வகுப்புக் கடிதம், வேலைக் கடிதம், வெளிநாட்டு ஒப்பந்தம், மருந்துத் துண்டு என்று ஆங்கிலத்தில் வருவது வந்துகொண்டுதான் இருக்கும். அதை மற்றவர் கையில் கொடுத்து "என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டு நிற்காமல், நம் வீட்டிலேயே வாசித்துக்கொண்டால் எவ்வளவு நல்லது!

கொழுந்து எடுக்கும் கைக்குக் கண் எவ்வளவு கூர்மை! முற்றிய இலை எது, மொட்டு எது என்று ஒரு நொடியில் பிரித்துவிடுகிறோம். அதே கண்தான் கடிதத்தையும் பார்க்கப்போகிறது. அடுத்த தடவை ஆங்கிலத்தில் எதாவது வந்தால், பெரிய சொல்லில் மயங்காமல், அதற்கு முன்னால் நிற்கும் சின்னச் சொல்லையும் பின்னால் இருக்கும் ‘எஸ்’ஸையும் முதலில் தேடுங்கள்.

கதையில் வந்த அந்த மகள் இப்போது அப்படித்தான் செய்கிறாள். லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அவளிடம்தான் கொண்டுவருகிறார்கள். அவள் ஒரு பென்சிலை எடுத்து முதலில் அந்தச் சின்னச் சொற்களைச் சுற்றி வட்டம் போடுகிறாள். அதற்குப் பிறகுதான் மற்றதை வாசிக்கிறாள்.

அடுத்த பாடத்தில் தண்ணீர், சோறு, சீனி போன்ற எண்ண முடியாத பெயர்களைப் பார்ப்போம். அதுவரை, ‘டூ லீவ்ஸ் அன்ட் எ பட்’!